கடைசி அப்டேட்டில்தான் கண்டம்

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வாங்கி மூன்றரை ஆண்டான ஆண்ட்ராய்டு ஃபோன். 4 ஜிபி ரேம், 64 ஜிபி சேமிப்பு. போன வாரம் புதிய வெர்ஷன் வந்திருப்பதாகக் காட்டியது, போட்டுவிட்டீர்கள். அன்றிலிருந்து வாட்ஸ்ஆப் திறப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. காலையில் முழுதாக ஏற்றிய சார்ஜ் சாயங்காலம் வரை நிற்பதில்லை. புது ஃபோன் வாங்க வைப்பதற்காகக் கம்பெனியே வேண்டுமென்று இப்படிச் செய்கிறதா, பழைய வெர்ஷனுக்குத் திரும்ப முடியுமா, இனி அப்டேட் பக்கமே தலைவைத்துப் படுக்காமல் இருந்துவிடலாமா என்று மூன்று கேள்விகள்.

திருச்சியில் ஃபோன் பழுதுபார்க்கும் கடை வைத்துப் பதினான்கு ஆண்டுகள் ஆகின்றன. உடைந்த டிஸ்பிளேவுக்கும் தண்ணீரில் விழுந்த ஃபோனுக்கும் அடுத்தபடியாக என் மேசைக்கு வருவது, ‘அப்டேட் போட்டேன், அதற்கப்புறம்தான்...’ என்று தொடங்கும் புகார். அதைக் கேட்டதும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: ‘இந்த ஃபோனுக்கு இது எத்தனையாவது வெர்ஷன்?’ பெரும்பாலும் யாருக்கும் தெரிந்திருப்பதில்லை. ஆனால் பாதி விடை அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. கொஞ்சம் கழித்து அதற்கு வருகிறேன்.

முதலில், திரும்பிப் போகும் வழி. அது இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆண்ட்ராய்டு 8 காலத்திலிருந்து, பழைய மென்பொருளை மறுபடி ஏற்றவிடாமல் தடுக்கும் ஏற்பாடு ஃபோன்களில் வந்துவிட்டது. ஃபோன் விழிக்கும்போதே தன்மேல் ஏறியிருக்கும் மென்பொருளின் வரிசை எண்ணைச் சரிபார்க்கும். உள்ளே பதிந்திருக்கும் எண்ணைவிட அது குறைவாக இருந்தால் கதவைத் திறக்காது. சில ஃபோன்களில் அந்த எண்ணைச் சிப்புக்குள் இருக்கும் நுண்ணிய ஃபியூஸ்களை எரித்தே பதிக்கிறார்கள், எரிந்தது எரிந்ததுதான். 2022 ஆகஸ்டில் ஆண்ட்ராய்டு 13 வந்தபோது, பிக்சல் 6 வரிசை ஃபோன்களில் அதைப் போட்டுவிட்டால் 12-க்குத் திரும்ப முடியாது என்று கூகுளே வெளிப்படையாகச் சொல்லிவிட்டது. ஆப்பிளின் பூட்டு வேறு மாதிரி. ஐஃபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸை ஏற்றும் ஒவ்வொரு முறையும் ஆப்பிள் சர்வரின் கையெழுத்து வேண்டும். புது வெர்ஷன் வந்த கொஞ்ச நாளில் பழையதற்குக் கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிடுவார்கள்; அத்தோடு திரும்பும் பாதை அடைபட்டுவிடும்.

இதில் ஒரு நியாயம் இருக்கிறது. பழைய வெர்ஷனில் ஓட்டை இருந்ததால்தான் புதியது வந்தது. திருடியவன் பழையதை ஏற்றி அந்த ஓட்டை வழியாக உள்ளே புகுந்துவிடக் கூடாது அல்லவா? ஆனால், ஜவுளிக் கடைக்காரர்கூடச் சட்டை அளவு சரியில்லை என்றால் மாற்றிக் கொடுக்கிறார் என்று வாடிக்கையாளர் கேட்கும்போது எனக்குப் பதில் இருப்பதில்லை.

‘பூட்லோடரைத் திறந்து பழைய சாஃப்ட்வேர் போட்டுத் தருகிறோம்’ என்று சொல்லும் கடைகள் உண்டு. ஃபோன் விழிக்கும்போது மென்பொருளைச் சரிபார்த்து ஏற்றும் பகுதிதான் பூட்லோடர். சில மாடல்களில் முடியவும் செய்யும். திறந்த மாத்திரத்தில் ஃபோனில் இருக்கும் அத்தனையும் அழியும் என்பது முதல் இழப்பு. பூட்டுத் திறந்த ஃபோனை நம்ப மாட்டோம் என்று பல வங்கிச் செயலிகளும் பணம் அனுப்பும் செயலிகளும் ஒதுங்கிக்கொள்ளும் என்பது இரண்டாவது. வேகமான ஃபோன் கிடைத்து, மளிகைக் கடையில் பணம் செலுத்த முடியாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வேலையை நான் இப்போது எடுப்பதில்லை.

அடுத்து, போன வாரம் உங்கள் ஃபோனுக்குள் நடந்தது. ‘வெற்றிகரமாக நிறுவப்பட்டது’ என்று காட்டியிருக்குமே, அது பாதி உண்மை. இப்போதைய ஃபோன்கள் பலவற்றில் புது வெர்ஷன் பின்னணியிலேயே தயாராகி, ஒருமுறை அணைத்துத் திறந்ததும் அமலுக்கு வந்துவிடும். புதியது எழும்பவில்லை என்றால் தானாகவே பழையதற்குத் திரும்பிக்கொள்ளும். 2016-இல் ஆண்ட்ராய்டு 7-உடன் வந்த நல்ல ஏற்பாடு இது. ‘லோகோவிலேயே நிற்கிறது’ என்று என்னிடம் வரும் ஃபோன்கள் குறைந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஆனால் புதியது எழும்பிய பிறகுதான் மிச்ச வேலை தொடங்குகிறது. எழுதிவைத்த மாற்றங்களை நிரந்தரமாகச் சேர்க்க வேண்டும்; ஒவ்வொரு செயலியையும் புதிய இயங்குதளத்துக்கு ஏற்ப மறுபடி தொகுக்க வேண்டும்; புகைப்படங்களை எல்லாம் ஒருமுறை புரட்டிப் பட்டியல் போட வேண்டும்.

ஆண்ட்ராய்டு 5, 6 காலத்தில் இது கண்ணுக்கு முன்னாலேயே நடந்தது. ‘87 செயலிகளில் 12 சரிசெய்யப்படுகிறது’ என்று ஒரு திரை வரும். இட்லி வெந்துவிட்டதா என்று பார்ப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எரிச்சல்தான், ஆனால் ஃபோன் வேலையில் இருக்கிறது என்று தெரிந்தது. இப்போது அதே வேலை மறைவில் நடக்கிறது. ஃபோன் சும்மா கிடந்து, சார்ஜரிலும் இருந்தால்தான் இந்தத் தொகுப்பு வேலை முழுவீச்சில் ஓடும். நீங்களோ பகலெல்லாம் பயன்படுத்திவிட்டு, இரவில் சார்ஜரைக் கழற்றி, டேட்டாவையும் அணைத்துவிட்டுப் படுக்கிறீர்கள் என்றால் அது முடியவே முடியாது. ஆகவே நான்கு இரவுகள் சார்ஜரிலேயே விடுங்கள், வைஃபை இருந்தால் அதுவும் ஓடட்டும். ப்ளே ஸ்டோருக்குப் போய்ச் செயலிகள் எல்லாவற்றையும் புதுப்பியுங்கள். அதற்கு முன் ஃபோனைத் திட்ட வேண்டாம்.

64 ஜிபி என்றீர்கள். அதில் எவ்வளவு காலியாக இருக்கிறது என்று சொல்லவில்லை. என் ஊகம், ஐந்து ஜிபிகூட இருக்காது. ஃபோனின் சேமிப்பு சிப்பில் எழுதியதன்மேல் அப்படியே எழுத முடியாது. ஒரு பகுதியை மொத்தமாக அழித்துவிட்டுத்தான் மறுபடி எழுத வேண்டும். இடம் இருந்தால் அது ஓரமாக நடந்துவிடும். இடம் இல்லாவிட்டால், காலை எட்டரை மணி டவுன் பஸ்ஸில் கண்டக்டர் டிக்கெட் கொடுக்கப் போவதுபோல, ஒரு ஆள் நகர நான்கு பேர் நகர வேண்டும். புது வெர்ஷன் தன் பங்குக்கு இன்னும் இரண்டு மூன்று பேரை ஏற்றிவிடுகிறது.

சென்ற ஆடி மாதம் ஒரு அம்மா இதே புகாரோடு வந்தார். ஃபோனைத் திறந்து பார்த்தால், வாட்ஸ்ஆப் படங்கள் மட்டும் ஒன்பது ஜிபி. காலை வணக்கம், இனிய வெள்ளி, குத்துவிளக்கு, ரோஜாப்பூ, ஓரத்தில் ஒரு முருகன். எல்லாவற்றையும் அழித்துவிடலாமா என்றேன். ‘சாமி படத்தை எப்படித் தம்பி அழிக்கச் சொல்கிறாய்?’ என்று பதறிப்போனார். ரோஜாவையும் வணக்கத்தையும் அழித்து, முருகனை மட்டும் மெமரி கார்டுக்கு மாற்றிக் கொடுத்தேன். மறுநாள் வந்து, ஃபோன் பரவாயில்லை என்றார். வேறு எதையும் நான் தொடவில்லை. உங்களுக்கும் முதலில் பத்து ஜிபியாவது காலி செய்துவிட்டுப் பார்க்கச் சொல்வேன்.

கம்பெனி வேண்டுமென்றே செய்கிறதா என்ற கேள்வி வெறும் சந்தேகப் புத்தியில் கேட்பது என்று ஒதுக்க முடியாது. பதிவான வழக்குகள் இருக்கின்றன. 2017 ஜனவரியில் வந்த ஐஓஎஸ் 10.2.1, பேட்டரி தளர்ந்த ஐஃபோன் 6, 6எஸ் மாடல்களில் வேகத்தைக் குறைத்தது. பயன்படுத்தியவர்களுக்கு அது தெளிவாகச் சொல்லப்படவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில், வேகச் சோதனை முடிவுகளைத் திரட்டிவைத்திருந்தவர்கள் அதைக் கண்டுபிடித்து வெளியிட்டார்கள். ஆப்பிள் மன்னிப்புக் கேட்டு, பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராகக் குறைத்தது. 2020-இல் அமெரிக்காவில் 50 கோடி டாலர் வரை கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. இத்தாலியின் போட்டி ஆணையம் 2018 அக்டோபரில் ஆப்பிளுக்கு ஒரு கோடி யூரோ, சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ அபராதம் போட்டது. சாம்சங் மீதான குற்றச்சாட்டைக் கவனியுங்கள்: புதிய நோட் 7 ஃபோனுக்காகச் செய்த மென்பொருளை, பழைய நோட் 4 வைத்திருந்தவர்களையும் போடச் சொல்லி வற்புறுத்தியது, அதனால் வரக்கூடிய கோளாறைச் சொல்லவில்லை.

ஆனால் ஆப்பிள் கதையின் மறுபாதியையும் சொல்ல வேண்டும். வேகத்தைக் குறைத்தது, ஃபோன் திடீரென்று அணைந்துபோகாமல் இருக்க. பழைய பேட்டரியால் ஒரே நேரத்தில் அதிக மின்சாரம் கொடுக்க முடியாது. கேமராவைத் திறந்தால், மேப் போட்டால், மின்னழுத்தம் சரிந்து ஃபோன் அணைந்துவிடும். சிப்பின் வேகத்தைக் குறைத்தால் அது நடக்காது. சிகிச்சை சரி, நோயாளியிடம் சொல்லாமல் கொடுத்ததுதான் குற்றம். சொல்லியிருந்தால், ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புது ஃபோன் வாங்கியவர்கள் பேட்டரியை மட்டும் மாற்றிக்கொண்டு போயிருப்பார்கள். உங்கள் மூன்றரை ஆண்டுப் பேட்டரியைப் பற்றியும் அதையேதான் சொல்கிறேன். 30 சதவீதத்திலிருந்து திடீரென்று 10-க்குத் தாவுகிறதா? கேமராவைத் திறந்தவுடன் அணைகிறதா? இரண்டில் ஒன்று இருந்தாலும் அப்டேட்டின் மேல் பழியைப் போட வேண்டாம்; அது ஏற்கெனவே இருந்த நோயை வெளியே காட்டியிருக்கிறது, அவ்வளவுதான். பின்பக்கம் லேசாக உப்பியிருந்தால் இன்றைக்கே சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டுக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

இப்போது எத்தனையாவது வெர்ஷன் என்ற கேள்விக்கு வருகிறேன். இத்தனை ஆண்டு மேசையில் நான் கண்டது இதுதான்: ஒரு ஃபோனுக்கு வரும் முதல் வெர்ஷன் அப்டேட் பெரும்பாலும் நன்மை செய்யும். இரண்டாவது பரவாயில்லை. கண்டம் கடைசியில்தான். காரணம் எளிது. புது வெர்ஷனை எழுதுகிறவர்கள் மனதில் வைத்திருப்பது அந்த ஆண்டின் ஃபோன்களை. உங்கள் ஃபோனோ அதற்குள் மூன்று வயது மூத்ததாகிவிட்டது. ரேம் கூடவில்லை, பேட்டரி தளர்ந்திருக்கிறது, சேமிப்பு நிரம்பியிருக்கிறது. கொடுத்த வாக்கை நிறைவேற்றிவிட்டோம் என்று கம்பெனி அந்தக் கடைசி வெர்ஷனை அனுப்பிவைக்கிறது. முதல் வெர்ஷனில் கோளாறு என்றால் அடுத்த வெர்ஷனில் சரிசெய்வார்கள். கடைசி வெர்ஷனுக்கு அடுத்தது எது?

இது இன்று நேற்று தொடங்கியதல்ல. ஐஃபோன் 3ஜி 2008-இல் 128 எம்பி ரேமோடு வந்தது. 2010 ஜூனில் ஐஓஎஸ் 4 அதற்கும் கிடைத்தது. புது வெர்ஷனின் பெரிய ஈர்ப்பான, பல செயலிகளை ஒரே நேரத்தில் இயக்கும் வசதியை அந்த மாடலுக்குக் கொடுக்கவில்லை; முகப்பில் பின்னணிப் படம் வைக்கும் வசதியைக்கூடக் கொடுக்கவில்லை. பாரத்தை மட்டும் ஏற்றினார்கள். எழுத்தைத் தட்டினால் ஒரு நொடி கழித்துத் திரையில் வரும். செப்டம்பரில் வந்த 4.1 ஓரளவு சரிசெய்தது, நவம்பரில் 4.2.1-உடன் அந்த ஃபோனின் கணக்கு முடிந்தது. கூகுளின் நெக்ஸஸ் 7 டேப்லெட், 2012-இல் வந்தது. 1 ஜிபி ரேம். அந்த விலைக்கு அருமையான பொருள். 2014 இறுதியில் ஆண்ட்ராய்டு 5 போட்டவர்கள் அதைப் பரணில் போட்டார்கள். என்னிடமும் ஒன்று இருந்தது. பாடம் படிக்க என் மகளுக்குக் கொடுத்திருந்தேன். அப்டேட் போட்ட பிறகு, திரையை ஒருமுறை தட்டிவிட்டுத் தண்ணீர் குடித்துவிட்டு வருவாள். அதற்குள் பக்கம் திறந்திருந்தால் அதிர்ஷ்டம். 5.1.1-க்குப் பிறகு அதற்கும் ஒன்றும் வரவில்லை.

அதற்காக, அப்டேட் கிடைக்காதவன் பாக்கியசாலி என்று சொல்லிவிட முடியுமா? 2012 ஏப்ரலில் அமெரிக்காவில் நோக்கியா லூமியா 900 விற்பனைக்கு வந்தது. ஜூனில் மைக்ரோசாஃப்ட், விண்டோஸ் ஃபோன் 7 என்ற தன் இயங்குதளத்தில் ஓடும் எந்த ஃபோனுக்கும் அடுத்த வெர்ஷனான 8 கிடைக்காது என்று அறிவித்தது. வாங்கி இரண்டே மாதம், ஃபோன் பழசாகிவிட்டது. இன்னொரு வருத்தம் எனக்கு நெருக்கமானது. கடை தொடங்கிய காலத்தில் வந்த ஆண்ட்ராய்டு 2.3 ஃபோன்கள் பலவற்றில் தமிழ் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். மகன் துபாயிலிருந்து அனுப்பும் செய்தியைப் படிக்க முடியவில்லை என்று வருவார்கள். புது வெர்ஷன் போட்டால் தெரியும், ஆனால் அந்த மாடலுக்கு வராது. அப்டேட்டுக்காக ஏங்கிய காலமும் அதுதான்.

வருவதற்கே ஏன் இவ்வளவு தாமதம் என்றால், ஆண்ட்ராய்டு கைமாறி வரும் சரக்கு. கூகுள் மூல நிரலை வெளியிடும். குவால்காம், மீடியாடெக் போன்ற சிப் கம்பெனிகள் தங்கள் சிப்புக்கு ஏற்ற பகுதியை எழுத வேண்டும். பிறகு ஃபோன் கம்பெனி தன் மேற்பூச்சைப் பூசி, மாடல் மாடலாகச் சோதிக்க வேண்டும். சிப் கம்பெனி பழைய சிப்பைக் கைவிட்டால் ஃபோன் கம்பெனி நினைத்தாலும் ஒன்றும் நடக்காது. 2017-இல் ஆண்ட்ராய்டு 8-உடன் கூகுள் சிப் பகுதியையும் மேல்பகுதியையும் பிரித்துவைத்த பிறகு நிலைமை கொஞ்சம் தேறியிருக்கிறது.

அப்படியானால் அப்டேட்டே வேண்டாமா? இங்கேதான் இரண்டு வேறு விஷயங்களை ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். 13-லிருந்து 14 என்று வருவது வெர்ஷன். மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ ஒருமுறை சிறிய அளவில் வருவது பாதுகாப்பு அப்டேட். 2015-இல், ஒரு எம்எம்எஸ் செய்தி வந்தாலே ஃபோனுக்குள் புகுந்துவிடக்கூடிய ஸ்டேஜ்ஃபிரைட் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. அதற்குப் பிறகுதான் கூகுள் மாதந்தோறும் பாதுகாப்பு அப்டேட் கொடுக்கத் தொடங்கியது. இதைத் தள்ளிப்போட வேண்டாம். பணம் அனுப்பும் ஃபோனில் கட்டாயம் தள்ளிப்போட வேண்டாம்.

வெர்ஷன் அப்டேட்டுக்கு அவசரமே இல்லை. 2014 செப்டம்பர் 24 அன்று வந்த ஐஓஎஸ் 8.0.1, புத்தம்புதிய ஐஃபோன் 6-இல் சிக்னலையும் கைரேகைப் பூட்டையும் செயலிழக்க வைத்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ஆப்பிள் அதைத் திரும்பப் பெற்றது, மறுநாள் 8.0.2 வந்தது. அந்த ஒரு மணி நேரத்துக்குள் போட்டவர்கள்தான் மாட்டிக்கொண்டார்கள். மூன்று வாரம் பொறுத்தால், அதே மாடல் வைத்திருப்பவர்கள் முட்டி மோதி உங்களுக்கு வழி சொல்லிவிடுவார்கள். அதுவே அந்த ஃபோனுக்குக் கடைசி வெர்ஷன், ரேம் 4 ஜிபி அல்லது அதற்கும் கீழ் என்றால், என் யோசனை: போடாதீர்கள். பாதுகாப்பு அப்டேட் பழைய வெர்ஷனுக்கு வரும்வரை அதிலேயே ஓட்டுங்கள். சிக்கல் என்னவென்றால், புது வெர்ஷன் வந்தவுடன் பழையதற்குப் பாதுகாப்பு அப்டேட்டை நிறுத்திவிடும் கம்பெனிகளும் உண்டு. அப்போது வேறு வழியில்லை. இடத்தைக் காலிசெய்து, பேட்டரியைச் சரிபார்த்து, பிறகு போட வேண்டியதுதான். எதுவானாலும் ஃபோனின் அமைப்புகள் பகுதிக்குள் வருவதை மட்டும் நம்புங்கள். ‘உடனே அப்டேட் செய்யவும்’ என்று குறுஞ்செய்தியிலோ வாட்ஸ்ஆப்பிலோ வரும் இணைப்பு, உங்கள் கணக்கைக் காலிசெய்ய வருவது.

எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகத் தொடங்கினால், அதாவது ஃபேக்டரி ரீசெட் செய்தால், சரியாகிவிடும் என்று யாராவது உங்களிடம் சொல்லியிருப்பார்கள். பல நேரம் உண்மைதான். ஆனால் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரின் கதையைக் கேளுங்கள். அப்டேட்டுக்குப் பிறகு மெதுவாகிவிட்டது என்று, திரை வழியாக அமைப்புகளைத் திறக்க முடியாமல் போகவே பட்டன்களை அழுத்தித் தாமே ரீசெட் செய்துவிட்டார். ஃபோன் திறந்ததும், முன்பு இதில் இருந்த கூகுள் கணக்கைக் கொடு என்று கேட்டது. ஆண்ட்ராய்டு 5.1-லிருந்து இருக்கும் திருட்டுத் தடுப்பு அது. கணக்கை உருவாக்கியது, ஃபோன் வாங்கிய கடையில் நின்ற பையன். பாஸ்வேர்டு அவனுக்கு நினைவில்லை, இவருக்குத் தெரியவே தெரியாது. மூன்று நாள், வாங்கிய ரசீதைத் தேடி எடுத்து, சர்வீஸ் சென்டரில் காட்டி, ஒருவழியாகத் திறந்தார்கள். பென்ஷன் ஆவணங்களின் படங்கள் போனது போனதுதான். இப்போது அவர் ஒரு பச்சை டைரியில் எல்லாவற்றையும் எழுதிவைத்துக்கொண்டு, கடைக்கு வரும்போது அதையும் எடுத்துவருகிறார். ‘தம்பி, ஐம்பது பக்கம் இம்போசிஷன் கொடுத்தவன் நான், எனக்கே கொடுத்துவிட்டது இது’ என்பார்.

ஆகவே உங்கள் ஃபோனுக்கு வரிசை இப்படி: இன்றிலிருந்து நான்கு இரவு சார்ஜரில். அதற்குள் பத்து ஜிபி காலி. ஐந்தாம் நாளும் மாலைக்குள் சார்ஜ் தீர்ந்தால், கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஒரிஜினல் பேட்டரி. புது ஃபோன் விலையோடு பார்த்தால் அது சிறு தொகை. அதற்குப் பிறகும் வேகம் வரவில்லை என்றால்தான் ரீசெட், அதுவும் கூகுள் கணக்கின் பாஸ்வேர்டு கையில் இருப்பதை வேறொரு ஃபோனில் திறந்து உறுதிசெய்துகொண்ட பிறகு. இத்தனைக்கும் அசையாவிட்டால் அடுத்த ஃபோன் வாங்கும்போது, எத்தனை வெர்ஷன் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். 2023 அக்டோபரில் பிக்சல் 8-க்கு கூகுளும், 2024 ஜனவரியில் எஸ்24 வரிசைக்கு சாம்சங்கும் ஏழு ஆண்டு என்றன. விலை குறைந்த மாடல்கள் பலவற்றுக்கு இரண்டு, மூன்று என்பார்கள். எந்த எண்ணைச் சொன்னாலும், அதில் ஒன்றைக் கழித்துவிட்டுக் காசை எண்ணுங்கள்.